கூட்டுத் தொழிலுக்கு யாரைச் சேர்ப்பது?

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில் குண்டசாலை, கெங்கல்ல ஆகிய இடங்களைக் கடந்து திகனயை அடைந்து, இன்னும் சிறிது தூரம் சென்றால் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பு கண்ணில் படும். 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. பழைய தெல்தெனிய நகரமும், அதைச் சூழவிருந்த வயல்களும் வீட்டுத்தோட்டங்களும் நீரின் அடியில் போயின.

அந்த நீருக்கு இடம்விட்டு எழுந்து வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். மண்சரிவினால் தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களும், இனக் கலவரங்களினால் ஊரிழந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். வந்த காரணங்கள் வெவ்வேறாயினும் இன்றைய நிலை ஒன்றுதான். விவசாயம் தெரிந்த கைகள் இருக்கின்றன. விவசாயம் செய்யப் போதிய நிலம் இல்லை. இருபது பேர்ச் காணியில் வீடும் கிணறும் கட்டியபின் எஞ்சுவது நாலு வாழையும் ஒரு மாட்டுக் கொட்டிலும்தான்.

எனவேதான் கிராமக் கூட்டங்களுக்கு நாம் செல்லும்போது, "ஏதாவது ஒரு சிறு தொழில் தொடங்கலாமா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "தனியாகச் செய்ய முடியாது. யாரோடு சேர்ந்து செய்வது?"

முதற் கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். காளான் வளர்ப்பு, தயிர் தயாரிப்பு, மிளகு, கராம்பு கொள்வனவு, நாற்றுமேடை என்று பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு வகுப்பு நடப்பதை நாம் கண்டதில்லை. ஆனால் நாம் பார்த்த அளவில், தொடங்கிய தொழில் கவிழ்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான். இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் இருப்பது ஒருமுறை மட்டுமே வரும் பணம். நட்டஈட்டுக் காசு, அடகு வைத்த தாலிக்கொடி, மத்திய கிழக்கில் மகள் உழைத்து அனுப்பிய தொகை என்று அது எதுவாகவும் இருக்கலாம். அது போனால் மீண்டும் வராது. ஆகவே கூட்டாளியைத் தெரிவு செய்வது பற்றி இம்முறை சற்று விரிவாகப் பேசுவோம்.

மைத்துனர்மாரின் மிளகு வியாபாரம்

நாம் அறிந்த இருவர் மைத்துனர்மார். வீட்டுத்தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கிக் கண்டியிலுள்ள வியாபாரிகளுக்கு விற்பது என்று தீர்மானித்தார்கள். ஒருவர் நகையை அடகு வைத்துப் பணம் போட்டார். மற்றவரிடம் முச்சக்கர வண்டி இருந்தது. ஓடித் திரிவது அவர் பொறுப்பு. "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று இருவருமே சொன்னார்கள்.

மூன்றாம் மாதம் வண்டியின் டயர் போனது. அந்தச் செலவு தொழிலுக்குரியதா, வண்டிக்காரருக்குரியதா? பேசி வைக்கவில்லை. ஐந்தாம் மாதம் வண்டிக்காரரின் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, தொழில் பணத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைத்தியச் செலவு செய்தார். திருப்பி வைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் எடுத்தார். பணம் போட்டவருக்கு அது வேறொருவர் வாயால் தெரியவந்தது. அவர் கேட்டார். கேட்ட விதம் மற்றவரைப் புண்படுத்தியது. எட்டாம் மாதத்தில் தொழில் நின்றது. அதன் பிறகு ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு மற்ற வீட்டார் போகவில்லை.

இருவரும் திருடர்கள் அல்லர்; சோம்பேறிகளும் அல்லர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எம் பெரியவர்கள் சொல்லி வைத்ததை இருவரும் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஒருவரையொருவர் தெரிவு செய்யவே இல்லை. அருகில் இருந்தார்கள், உறவாக இருந்தார்கள், அதனால் சேர்ந்தார்கள். உறவு இருந்தது தவறல்ல. உறவு இருக்கிறது என்பதற்காக வேறு எதையும் கேளாமல் விட்டதே தவறு.

ஆனந்தில் சேர்ந்த மூவர்

திகனயில் மில்கோ நிறுவனத்தின் பால் தொழிற்சாலை இருப்பதை எமது வாசகர்கள் அறிவார்கள். வீட்டில் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பல குடும்பங்களுக்குக் காலைப் பால்தான் கைச்செலவு. ஆகவே, பாலினால் எழுந்த ஒரு கூட்டு முயற்சியின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கூட்டாளியைத் தெரிவு செய்வதற்கு அதைவிட நல்ல பாடம் எமக்குத் தெரியவில்லை.

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கெய்ரா என்றொரு மாவட்டம். 1940களில் அங்கிருந்த விவசாயிகளின் பாலை பம்பாய் நகருக்கு அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. விலையை இடைத்தரகர்கள் வைத்தார்கள். விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். சங்கமாகச் சேர்ந்து தாமே பாலை விற்கும்படி அவர் ஆலோசனை கூறினார். 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடைபெற்றது. பதினைந்து நாட்கள் ஒரு துளி பாலும் வெளியே போகவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14ஆம் திகதி அவர்களது கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லீற்றர் பால்.

இச்சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், காந்தியவாதி. ஊர் ஊராக நடந்து விவசாயிகளுடன் திண்ணையில் உட்கார்ந்து பேசக் கூடியவர். அவர் சொன்னால் மக்கள் நம்பினார்கள். ஆனால் அவருக்கு இயந்திரம் தெரியாது. சங்கத்திடம் இருந்த பழைய இயந்திரங்களோ அடிக்கடி பழுதாகின. பால் கெட்டுப் போனது.

அதே ஆனந்த் நகரில் அரசாங்கப் பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையமொன்றில் இளம் பொறியியலாளர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தவர். அரசாங்கப் புலமைப்பரிசிலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் சென்று திரும்பியதால், ஒப்பந்தப்படி வேலை செய்ய 1949 மே மாதம் ஆனந்துக்கு அனுப்பப்பட்டவர். அவர்தான் வர்கீஸ் குரியன். அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலையும் பிடிக்கவில்லை. எப்போது போகலாம் என்று காத்திருந்தார். பழுதான இயந்திரங்களைத் திருத்தித் தரும்படி திரிபுவன்தாஸ் அவரிடம் போவார். குரியனும் திருத்திக் கொடுப்பார். ஒருநாள், இந்தப் பழைய இரும்பைத் திருத்துவதில் பயனில்லை, புதிய இயந்திரம் வாங்குங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். திரிபுவன்தாஸ் கடன் பட்டு அதை வாங்க ஏற்பாடு செய்தார்.

குரியன் அரசாங்க வேலையை விட்டு ஊருக்குப் புறப்படும் வேளையில், புதிய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகும்படி திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். ஓரிரு மாதங்கள் என்றுதான் குரியன் தங்கினார். பின்னர் வாழ்நாள் முழுவதும் ஆனந்திலேயே இருந்துவிட்டார்.

மூன்றாமவர் எச். எம். தலாயா. குரியனுடன் மிச்சிகனில் படித்தவர். வட இந்தியாவைச் சேர்ந்தவர். பாற்பொருள் தொழில்நுட்பம் கற்றவர். குரியன் அவரை அழைத்துத் தம்முடன் நிறுத்திக்கொண்டார். எருமைப் பாலிலிருந்து பால்மா செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கூறிவந்த காலம் அது. கெய்ரா விவசாயிகளிடம் இருந்ததோ எருமைகள். தலாயா முயன்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31ஆம் திகதி புதிய தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 'அமுல்' என்ற பெயர் அதன் பின்னரே வந்தது.

இந்த மூவரும் எந்த வகையில் ஒத்தவர்கள்? மொழி வேறு, ஊர் வேறு, பிறந்த சமயம் வேறு, பழக்க வழக்கம் வேறு. ஆனால் ஒவ்வொருவரிடமும் மற்ற இருவரிடம் இல்லாத ஒன்று இருந்தது. மக்களின் நம்பிக்கை திரிபுவன்தாஸிடம் இருந்தது. நிருவாகமும் விற்பனையும் குரியனின் கையில். இயந்திரமும் பாலும் தலாயாவின் கையில். தனித்து நின்றிருந்தால் ஒருவராலும் அதைச் செய்திருக்க முடியாது. தலைவர் தொழிற்சாலை நிருவாகத்தில் தலையிடவில்லை. முகாமையாளர் தம்மை விவசாயிகளின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார். 1963ஆம் ஆண்டு மக்சேசே விருது வழங்கப்பட்டபோது திரிபுவன்தாஸும் குரியனும் பம்பாய் பாற்திட்டத்தின் தாரா குரோடியும் அதைப் பகிர்ந்து பெற்றனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரிபுவன்தாஸ் குரியனை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளவில்லை. பல மாதங்கள் இயந்திரம் பழுதாகும் போதெல்லாம் அவரிடம் போனார். கூப்பிட்டால் வருகிறாரா, வேலையை முடித்துக் கொடுக்கிறாரா, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறாரா என்று காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னரே "எம்மோடு இருங்கள்" என்றார். நாமோ ஒரு தேநீர் குடித்து முடிக்குமுன் கூட்டாளியைத் தெரிவு செய்துவிடுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இக்கதையிலிருந்து நமது அளவுக்கு ஏற்றவாறு சில கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது கேள்வியை நம்மையே கேட்க வேண்டும்: என்னிடம் இல்லாதது எது? மாடு வளர்க்கத் தெரிந்த இருவர் சேர்ந்தால் மாடு இரண்டு மடங்காகும். விற்கத் தெரிந்தவர் அப்போதும் இருக்கமாட்டார். பேசி விற்கத் தெரியாதவருக்குப் பேசத் தெரிந்தவர் வேண்டும். கையெழுத்துத் திருத்தமில்லாதவருக்குக் கணக்கு எழுதக் கூடியவர் வேண்டும். சிங்களம் பேச முடியாதவருக்குச் சந்தையில் சிங்களம் பேசக் கூடியவர் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, கேளாமலே கணக்குக் காட்டும் பழக்கம் அவருக்கு உண்டா என்பது. மரண உதவிச் சங்கத்தில், கோயில் திருவிழாவில், சீட்டுப் பிடிப்பதில் அவர் பொதுப் பணத்தை எப்படிக் கையாண்டார் என்பதை ஊர் அறியும். ஐந்நூறு ரூபாவுக்குத் துண்டு வைத்திருந்தவர் ஐம்பதாயிரத்துக்கும் வைத்திருப்பார்.

மூன்றாவதாக, அவர் நம்மிடம் "இல்லை, இது சரிவராது" என்று சொல்லக் கூடியவரா? எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் நட்டம் வரும் நாளில் "நான் அப்போதே நினைத்தேன்" என்பார். குரியன் பழைய இரும்பைப் பழைய இரும்பு என்று சொன்னதால்தான் சங்கம் தப்பியது.

நான்காவது, அவருடைய வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்பது. கணவன் பங்காளியாக, மனைவிக்கு விருப்பமில்லாத தொழில் நெடுநாள் ஓடாது. இரு வீட்டாரும் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேசுவது அவசியம். பெண்களின் சேமிப்பும் உழைப்பும் அதில் இருந்தால் பெண்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது? இது கேட்கக் கூச்சமான கேள்வி. ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். ஏன் என்பதற்கு எமது மண்ணிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

தெல்தெனியவின் பழைய பாடம்

இலங்கையின் கூட்டுறவு வரலாறு 1906ஆம் ஆண்டு தெல்தெனியவில் ஆரம்பிக்கப்பட்ட கடன் சங்கத்துடன் தொடங்குவதாகக் கூறுவர். இன்று நீரின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய தெல்தெனியதான். 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அக்காலத்துக் கிராமியச் சங்கங்களுக்கு முன்மாதிரி ஜேர்மனியில் ரைஃபைசன் என்பவர் விவசாயிகளுக்காக அமைத்த முறை. சொத்து ஈடு இல்லாத ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டுமானால், ஒருவர் தவறினால் மற்ற எல்லோரும் தம் சொத்து முழுவதாலும் பொறுப்பு நிற்க வேண்டும் என்பது அம்முறை. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதில் உறுப்பினர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். ஒரு சிற்றூருக்குள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மட்டுமே சேர்ந்தார்கள்.

இன்று நாம் இருவர் சேர்ந்து தொடங்கும் தொழிலுக்கும் சட்டத்தின் கண்ணில் இதே பொறுப்பு உண்டு. அதன் பெயர் பங்குடைமை. பங்குடைமையில் ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பாளி. போட்ட முதலோடு அது நிற்பதில்லை. வீட்டு மாடு, காணி வரைக்கும் வரலாம். கூட்டாளி கடையில் தொழிலின் பெயரால் தவணைக்கு எடுத்த சாமானுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவேதான் அவருடைய கடன் நிலையைக் கேட்க வேண்டும் என்கிறோம். கேட்கும் முன் நம்முடைய கடனை நாமே சொல்லிவிட்டால் கூச்சம் பாதியாகக் குறையும்.

சிறிதாகச் சேர்ந்து பாருங்கள்

திகனக்கு அருகில் நாம் அறிந்த இரு பெண்கள் சட்டித் தயிர் செய்கிறார்கள். ஒருவர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பெண். அவரிடம் இரண்டு மாடுகள். மற்றவர் வீதியோரம் சிறு கடை வைத்திருக்கும் சிங்களப் பெண். இவர் அவரை அக்கா என்பார்; அவர் இவரை நங்கி என்பார். முதலில் அவர்கள் பணம் எதுவும் போடவில்லை. மூன்று மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்துச் சட்டி தயிர் உறையவைத்து அக்காவின் கடையில் வைத்து விற்றார்கள். ஒவ்வொரு ஞாயிறு மாலையும், "நங்கி, கொப்பியைக் கொண்டு வா" என்று அக்கா அழைப்பார். ஒருவர் தமிழில் எழுதுவார், மற்றவர் சிங்களத்தில் எழுதுவார். இரண்டு கொப்பியிலும் தொகை ஒன்றாக வரவேண்டும்.

ஒரு கிழமை தயிர் உறையாமல் பழுதாகிப் போனது. யாருடைய பிழை என்று அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. பழுதான சட்டிக்கு இருவரும் பாதிப் பாதி என்று அன்றே எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு கிழமைதான் தங்களுக்கு நம்பிக்கை தந்தது என்று இருவரும் எம்மிடம் கூறினார்கள். இலாபம் வரும் கிழமையில் எல்லோரும் நல்லவர்கள். கூட்டாளியின் குணம் தெரிவது பால் திரிந்த கிழமையில்தான். ஆகவே பெருந்தொகை போடுமுன், சிறு நட்டமொன்று வந்து போகும் வரையாவது பரீட்சித்துப் பாருங்கள்.

இவ்விருவரும் வெவ்வேறு சமூகத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் திகனயில் நடந்ததை எவரும் மறக்கவில்லை. தாக்குதலுக்குள்ளான ஒரு சிங்கள லொறிச் சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஓர் இளைஞர் உயிரிழந்தார். நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பின் "நம்மவரோடு மட்டும் சேர்ந்தால் போதும்" என்று பலர் எண்ணுவது இயல்பே. அந்தப் பயத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் சந்தை மூன்று மொழிக்காரரும் வரும் இடம். தயிரை வாங்குபவர் சாதி, சமயம் கேட்டு வாங்குவதில்லை. நம்மவர் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சேர்ப்பதும், நம்மவர் அல்லர் என்பதற்காக மட்டும் ஒருவரை விலக்குவதும் மைத்துனர்மார் செய்த அதே பிழையைத்தான் திரும்பச் செய்வதாகும். இரண்டிலும் மனிதரைப் பாராமலே தீர்மானிக்கிறோம்.

எழுதி வைக்க வேண்டியவை

மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருந்து, சம்பந்தப்பட்டோர் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டத்திலிருந்து வருவது இது. இன்றைய காலத்தில் ஆயிரம் ரூபாவுக்குக் குறைந்த தொழில் ஏது? ஆகவே, வாய்ப்பேச்சை மட்டும் நம்பி நீதிமன்றம் போனால் நமது பக்கம் நிற்க அங்கே எதுவும் இராது.

எழுதாமல் விட்டால் வேறு சில விடயங்களையும் சட்டமே தீர்மானித்துவிடும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபமும் நட்டமும் சமமாகவே பிரியும். யார் எவ்வளவு முதல் போட்டார் என்பது பார்க்கப்படாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பங்காளி ஒருவர் தமது உழைப்புக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை, முன்கூட்டியே அப்படி இணங்கியிருந்தாலன்றி. பணமில்லாமல் உழைப்பை மட்டும் போடும் ஏழைப் பங்காளி இதனால்தான் ஏமாறுகிறார்.

ஆகவே உழைப்புக்குக் கூலியை முதலில் எழுதுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாத விற்பனை 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பால், சட்டி, விறகு, போக்குவரத்து எல்லாம் 62,000 ரூபா. வேலை செய்தவருக்குக் கூலி 12,000 ரூபா. மிகுதி 16,000 ரூபா. இதில் 4,000 ரூபாவை மாடு நோய்ப்படும் நாளுக்கென்று ஒதுக்கிவைத்தால் 12,000 ரூபா மிஞ்சும். அதைத்தான் இருவரும் பிரிக்க வேண்டும். சமமாயின் ஆளுக்கு 6,000 ரூபா. முதல் கூடுதலாகப் போட்டவருக்குக் கூடிய பங்கு என்று இணங்கினால் அதையும் எழுதலாம். கூலி வேறு, இலாபம் வேறு என்று பிரித்து வைத்தால் பாதிச் சண்டை வராது.

உடன்படிக்கையில் கீழ்க்கண்டவை இருக்கட்டும்:

1. யார் எவ்வளவு பணம் போட்டார். மாடு, வண்டி, இடம் முதலியவை யாருடையவை. பழுதானால் திருத்தும் செலவு யாருடையது.

2. யாருக்கு எந்த வேலை. எந்த விடயத்தில் யாருடைய சொல் முடிவானது.

3. எத்தனை ரூபாவுக்கு மேல் செலவு செய்ய இருவரின் சம்மதமும் வேண்டும்.

4. வங்கிக் கணக்கில் இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கலாம் என்பது.

5. வீட்டு அவசரத்துக்குத் தொழில் பணத்தை எடுக்கலாமா. எடுக்கலாமென்றால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்புவது.

6. எந்த நாளில் கணக்குப் பார்ப்பது.

7. ஒருவர் விலக விரும்பினால், நோய்ப்பட்டால், இறந்தால், வெளிநாடு போனால் என்ன செய்வது. அவருடைய பங்கை எப்படி மதிப்பது, எத்தனை மாதத்தில் கொடுப்பது.

எழுதியதை இருவருக்கும் விளங்கும் மொழியில் உரக்க வாசித்து, இரண்டு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்யலாம். அப்போது இருவரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு முன்பாக மத்தியஸ்த சபை இருக்கிறது. செலவும் அலைச்சலும் குறைவு. அங்கேயும் கையில் எழுத்து இருந்தால்தான் பேசுவது இலகு.

பிரிவதைப் பற்றி முதலிலேயே பேசுவோம்

மேலே கூறிய ஏழாவது விடயத்தை எழுதச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். "தொடங்கும் போதே பிரிவதைப் பேசுவதா, அது அபசகுனம்" என்கிறார்கள். இடம்பெயர்ந்த எமக்கு இது இன்னும் கடினமானது. ஒருமுறை எல்லாவற்றையும் பிரிந்து வந்தவர்கள் மீண்டும் பிரிவைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

ஆனந்தின் கதை இதிலும் பாடம் தருகிறது. திரிபுவன்தாஸ் 1970களின் தொடக்கத்தில் தாமாகவே தலைமைப் பதவியை விட்டு விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாயாகச் சேர்த்துக் கொடுத்த பணத்தைக் கொண்டு தாய் சேய் நலனுக்காக ஒரு அறக்கட்டளையை நிறுவினார். குரியனோ, தாம் கட்டியெழுப்பிய விற்பனைச் சம்மேளனத்தின் தலைமையில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2006ஆம் ஆண்டு கருத்து வேறுபாடுகளின் மத்தியில் பதவி துறக்க நேர்ந்தது. அத்தனை பெரிய மனிதருக்கே விலகும் நேரமும் விதமும் எளிதாக அமையவில்லை என்றால், நாம் அதை முன்கூட்டிப் பேசி வைப்பதில் வெட்கம் என்ன? எந்த நிபந்தனையில் பிரிவோம் என்று அமைதியாகப் பேசி எழுத முடிந்த இருவர், பெரும்பாலும் பிரிய வேண்டிய தேவையின்றியே தொழில் நடத்துவார்கள். பேச மறுப்பவரை அந்த இடத்திலேயே நன்றி சொல்லி விட்டுவிடலாம். நட்பு நட்பாகவே இருக்கட்டும்.

மிளகு வியாபாரம் செய்த மைத்துனர்மாரை அண்மையில் ஒரு கூட்டத்தில் கண்டோம். வெவ்வேறு வரிசையில் அமர்ந்திருந்தார்கள். தயிர் செய்யும் அக்காவும் நங்கியும் அன்று தங்கள் இரண்டு கொப்பிகளையும் எல்லோருக்கும் காட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் மைத்துனர்மாரில் பணம் போட்டவர் எம்மிடம் வந்து, "அப்படி ஒரு கொப்பி வைத்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் ஒன்றாக இருந்திருப்போம், இல்லையா?" என்று கேட்டார். இருந்திருப்பீர்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

அடுத்த கிராமக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கொப்பி கொண்டு வாருங்கள். முதற் பக்கத்தில் உங்களால் செய்யக் கூடியவற்றை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் உங்களால் முடியாதவற்றை எழுதுங்கள். கூட்டாளியைத் தேட வேண்டியது அந்த இரண்டாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான்.